எண் ஒன்று சொல்கிறது, உடம்பு வேறொன்று சொல்கிறது: ஹார்மோன் ரத்தப் பரிசோதனையில் கோளாறு தேடும் வழி

ராமநாதபுரம் கடலோரத்துச் சின்ன லேபுகள் பலவற்றில் ஹார்மோன் பார்க்கும் மெஷின் கிடையாது. ரத்தம் எடுத்து, சுழற்றி, சீரத்தைப் பிரித்து, ஐஸ் பெட்டியில் வைத்து ராமநாதபுரத்துக்கோ மதுரைக்கோ அனுப்புவதுதான் நம் வேலை. சாயங்காலமோ மறுநாளோ ரிப்போர்ட் வாட்ஸ்அப்பில் வந்துவிடும். வந்த எண்ணும் எதிரே உட்கார்ந்திருக்கும் ஆளும் பொருந்திப் போனால் சிக்கல் இல்லை. பொருந்தாதபோது எதை முதலில் சந்தேகப்படுவது என்பதைப் பற்றித்தான் இது. லேப் டெக்னீஷியன்களையும், பரிசோதனை எழுதிக் கொடுக்கும் டாக்டர்களையும் நினைத்து எழுதுகிறேன். ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு குழம்புகிறவர்களும் படிக்கலாம். ஆனால் படித்துவிட்டு டாக்டரைக் கேட்காமல் மாத்திரையை நிறுத்த வேண்டாம்.

ஒரு அடிப்படையை மட்டும் முதலில் சொல்லிவிடுகிறேன். இன்றைய மெஷின்கள் ஹார்மோன் செய்யும் வேலையை அளப்பதில்லை. ஒரு ஆன்டிபாடி (குறிப்பிட்ட ஒன்றைத் தேடிப் பிடித்து ஒட்டும் புரதம்) அந்த மூலக்கூறின் ஏதோ ஒரு ஓரத்தை அடையாளம் கண்டு பிடித்துக்கொள்கிறது. அப்படிப் பிடிபட்டது எவ்வளவு என்பதுதான் ரிப்போர்ட்டில் வரும் எண். படகுத்துறையில் மீனவர் அட்டையை வாங்கிப் பார்ப்பது போலத்தான் இது. ஆள் யாரென்று தெரியும், வலை இழுக்கத் தெம்பு இருக்கிறதா என்று தெரியாது.

ஆரம்பத்தில் அளவீடு இப்படி இல்லை. 1920களின் கடைசியில் பெர்லினில் அஷ்ஹைமும் ஸோண்டெக்கும் பெண்ணின் சிறுநீரைச் சுண்டெலிக் குட்டிகளுக்கு ஊசியாகப் போட்டு, அவற்றின் சினைப்பை மாறுவதைப் பார்த்துக் கர்ப்பத்தை உறுதி செய்தார்கள். 1953ல் ஸ்டீல்மனும் போலியும் எலியின் சினைப்பை எடை எவ்வளவு கூடுகிறது என்பதை வைத்து முட்டையை வளர்க்கும் எஃப்.எஸ்.எச். ஹார்மோனின் அளவைக் கணக்கிட்டார்கள். அளந்தது முழுக்க முழுக்க ஹார்மோனின் வேலையை. பிறகு யாலோவும் பெர்சனும் கொண்டுவந்த, ஆன்டிபாடியையும் கதிரியக்கக் குறியையும் வைத்து அளக்கும் ரேடியோ இம்யூனோஅஸ்ஸே வந்தது (இதற்காக யாலோவுக்கு 1977ல் நோபல் பரிசு கிடைத்தது). எலிகள் ஒதுங்கின, ஆன்டிபாடி உட்கார்ந்துகொண்டது. ஆனால் எல்.எச். (முட்டையை வெடிக்க வைப்பது, ஆணுக்கு டெஸ்டோஸ்டிரோனைச் சுரக்க வைப்பது), எஃப்.எஸ்.எச்., எச்.சி.ஜி. (கர்ப்பத்தில் சுரப்பது) ரிப்போர்ட்டுகளில் இன்றும் ஐ.யு. (சர்வதேச அலகு) என்றுதான் அலகு போடுகிறோம். அந்த அலகு உயிரியல் சோதனையில் பிறந்தது. ஆக, செயலின் அலகை வைத்துக்கொண்டு உருவத்தை அளந்துகொண்டிருக்கிறோம். பெரும்பான்மையான நேரம் இரண்டும் ஒன்றாகவே போகும், அதனால்தான் வண்டி ஓடுகிறது.

செயலை நேரடியாக அளக்கும் பயோஅஸ்ஸே இன்று ஆராய்ச்சிக்கூடங்களில்தான் நடக்கிறது. எந்த ஊர் ஆஸ்பத்திரியிலும் தினசரி கிடைக்காது. ஆனால் நம்மிடம் எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு பயோஅஸ்ஸே இருக்கிறது. அது நோயாளியின் உடம்புதான். மாதவிடாய் ஒழுங்காக வருகிறதென்றால், அந்த ஹார்மோன்கள் எங்கோ தங்கள் வேலையைச் செய்துகொண்டிருக்கின்றன. எண் அதற்கு மாறாகச் சொன்னால் முதலில் எண்ணைச் சந்தேகப்படுவதே என் வழக்கம்.

ப்ரோலாக்டின் ஏறியிருக்கிறது; மாதவிடாய் ஒழுங்கு, பாலும் சுரக்கவில்லை

ப்ரோலாக்டின் என்பது பிட்யூட்டரி (மூளைக்கு அடியில் உள்ள சுரப்பி) சுரக்கும், பால் சுரக்க வைக்கும் ஹார்மோன். நாம் அடிக்கடி பார்ப்பது இதைத்தான். பிட்யூட்டரியில் கட்டி தேட ஸ்கேனுக்கு அனுப்புவதற்கு முன் மாத்திரைப் பையைக் கொட்டிக் காட்டச் சொல்லுங்கள். நெஞ்செரிச்சல், வாயு என்று மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் மாத்திரைகளில் பல கூட்டு மாத்திரைகள். அவற்றில் டோம்பெரிடோனோ லெவோசல்பிரைடோ ஒளிந்திருக்கும். இரண்டுமே ப்ரோலாக்டினை ஏற்றும். ரிஸ்பெரிடோன் போன்ற மனநல மருந்துகளும் ஏற்றும். மருந்தால் ஏறியது மெஷின் கோளாறு அல்ல, நிஜமான ஏற்றம். ஆனால் கட்டி தேட வேண்டியதில்லை. மனநல மருந்தை மட்டும் எழுதிக் கொடுத்த டாக்டரைக் கேட்காமல் நிறுத்தவே கூடாது. தைராய்டை இயக்கும் டி.எஸ்.எச். பார்த்தாகிவிட்டதா என்றும் கவனியுங்கள். தைராய்டு குறைந்தாலும் ப்ரோலாக்டின் ஏறும்.

இன்னொன்று, பதற்றம். தனுஷ்கோடிப் பக்கமிருந்து கூட்டமான பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தவரை உட்கார வைத்தவுடன் ஊசி குத்தினால் ப்ரோலாக்டின் லேசாக ஏறித்தான் இருக்கும். அரை மணி நேரம் உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, அப்புறம் எடுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் ஏற்றம் இருந்து, உடம்பில் அறிகுறி எதுவும் இல்லையென்றால், மேக்ரோப்ரோலாக்டினாக இருக்கலாம். ப்ரோலாக்டின் தனியாக 23 கிலோடால்டன் அளவுள்ள சிறிய மூலக்கூறு. சிலருக்கு அது தங்கள் உடம்பின் ஆன்டிபாடியோடு ஒட்டிக்கொண்டு 150 கிலோடால்டனுக்கு மேல் பெருத்துவிடும். அந்தப் பெரிய உருவம் ரத்தக்குழாயை விட்டு எளிதில் வெளியேறாது, சீக்கிரம் கழியவும் கழியாது. ரத்தத்திலேயே சுற்றிக்கொண்டிருக்கும், வேலை அதிகம் செய்யாது, மெஷின் மட்டும் அதை விடாமல் எண்ணிக்கொண்டிருக்கும்.

கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. சீரத்தோடு சம அளவு 25 சதவீத பாலிஎதிலீன் கிளைக்கால் கரைசலைக் கலந்து, சுழற்றி, மேலே தெளிந்து நிற்பதில் ப்ரோலாக்டினை அளக்க வேண்டும். பாதியாக நீர்த்திருப்பதால் வந்த எண்ணை இரண்டால் பெருக்க வேண்டும். முதலில் இருந்ததில் 40 சதவீதத்துக்குக் கீழே மீண்டால் மேக்ரோப்ரோலாக்டின் அதிகம், 60க்கு மேல் என்றால் பெரும்பாலும் சாதாரண ப்ரோலாக்டின், நடுவில் நின்றால் சொல்ல முடியாது. சதவீதத்தோடு நிறுத்திவிடாமல், மீண்ட அளவு நார்மலுக்குள் இருக்கிறதா என்றும் கேளுங்கள். மேக்ரோப்ரோலாக்டின் உள்ளவருக்கே நிஜ ஏற்றமும் சேர்ந்து இருக்கலாம். இதைச் செய்யப் பெரிய லேபுக்குத் தனியாக எழுதிக் கேட்க வேண்டும். கேட்காமல் பலர் செய்வதில்லை.

பயோஅஸ்ஸே ஏமாற்றுவதற்கும் இதுவே நல்ல உதாரணம். ப்ரோலாக்டினின் செயலை அளக்க வெகுநாள் பயன்பட்டவை என்.பி.2 என்ற எலி லிம்போமா செல்கள். ப்ரோலாக்டின் கிடைத்தால் அவை பெருகும். அந்தச் செல்களில் போட்டுப் பார்த்தபோது மேக்ரோப்ரோலாக்டின் வேலை செய்வதுபோலத் தெரிந்தது. மனித ஏற்பியை (செல்லில் ஹார்மோன் வந்து ஒட்டும் இடம்) பொருத்திய செல்களில் பார்த்தபோது செயல் குறைந்துவிட்டது. எலியின் ஏற்பி ஒத்துக்கொண்டதை மனிதனின் ஏற்பி ஒத்துக்கொள்ளவில்லை. எனவே எந்த பயோஅஸ்ஸே ரிப்போர்ட்டைப் படித்தாலும் எந்தப் பிராணியின் ஏற்பியில் பார்த்தது என்ற கேள்வி முதலில் வர வேண்டும்.

பிட்யூட்டரியில் பெரிய கட்டி, ப்ரோலாக்டின் கொஞ்சம்தான்

மாதிரியை 100 மடங்கு நீர்த்து மறுபடி ஓட்டச் சொல்லுங்கள். ஹார்மோன் மிதமிஞ்சி இருந்தால், பிடிக்கும் ஆன்டிபாடியும் அடையாளம் காட்டும் ஆன்டிபாடியும் தனித்தனி மூலக்கூறுகளில் நிறைந்து, இடையில் சாண்ட்விச் உருவாகாமல் எண் கீழே இறங்கிவிடும். நீர்த்ததும் எகிறினால் அதுதான் காரணம். எகிறாவிட்டால், கட்டி ப்ரோலாக்டின் சுரக்காத வகையாக இருந்து பிட்யூட்டரித் தண்டை அழுத்துவதால் ஏறிய லேசான ஏற்றமாக இருக்கலாம். முதலாவதற்கு மாத்திரையிலேயே கட்டி சுருங்கக்கூடும், இரண்டாவதற்குப் பெரும்பாலும் கத்தி தேவைப்படும். அவ்வளவு பெரிய முடிவு ஒரு நீர்ப்பில் தொங்குகிறது.

எச்.சி.ஜி. பாசிட்டிவ்; கருப்பையில் ஒன்றுமில்லை

குழந்தைக்காகச் சிகிச்சையில் இருப்பவரா என்று முதலில் கேளுங்கள். மதுரையில் ஊசி போட்டுக்கொண்டு ஊருக்குத் திரும்பியதும், பொறுக்க முடியாமல் நாலைந்து நாளில் பரிசோதனைக்கு வந்துவிடுவார்கள். முட்டை வெடிக்கப் போடும் 10,000 யூனிட் ஊசியே எச்.சி.ஜி.தான். பத்துப் பதினான்கு நாள் வரை அது ரத்தத்தில் தங்கும். சிறுநீர்ப் பட்டையும் அதைக் காட்டும். வீட்டில் இனிப்புக் கொடுத்துவிடுவதற்குள் சொல்லிவிடுவது நல்லது.

ஊசி இல்லையென்றால், கருக்குழாயில் கர்ப்பம் தங்கியிருக்கிறதா என்பதைத்தான் எல்லாவற்றுக்கும் முன்னால் பார்க்க வேண்டும். உயிரோடு விளையாடும் விஷயம் அது. வயிற்று வலி, மயக்கம், ரத்தக்கசிவு இருந்தால் கீழே சொல்லப்போகும் எதற்கும் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள்.

அதுவும் இல்லை, எண் நாள் கணக்கில் ஏறாமலும் இறங்காமலும் அப்படியே நிற்கிறதென்றால் பொய்ப் பாசிட்டிவ் நினைவுக்கு வர வேண்டும். சிலருடைய ரத்தத்தில் எலி, ஆடு போன்ற பிராணிகளின் ஆன்டிபாடிகளைப் பிடித்துக்கொள்ளும் ஆன்டிபாடி இருக்கும். கிட்டில் (மெஷினில் போடும் பரிசோதனைப் பொருட்கள்) இருப்பவை பிராணி ஆன்டிபாடிகள் என்பதால், நடுவில் ஹார்மோன் இல்லாமலேயே இரண்டையும் அது இணைத்துவிடும். மெஷின் அதை எச்.சி.ஜி. என்று எண்ணும். முடக்குவாதத்தில் வரும் ருமட்டாய்டு ஃபேக்டரும் இதே குறும்பைச் செய்யும்.

பிடிப்பது எப்படி? அதே நாளில் சிறுநீரைப் பாருங்கள். ஆன்டிபாடி பெரிய உருவம், சிறுநீரகம் அதை வெளியே விடாது. ரத்தத்தில் எண் 50க்கு மேல் இருந்து சிறுநீரில் ஒன்றுமே இல்லையென்றால் சந்தேகம் வலுக்கும். 50க்குக் கீழே இருந்தால் சிறுநீர்ப் பட்டைக்கே அது எட்டாமல் போயிருக்கலாம், அதனால் அதை ஆதாரமாக எடுக்க வேண்டாம். அடுத்து, இன்னொரு கம்பெனி மெஷினில் அதே சீரத்தை ஓட்டுங்கள். அதற்கடுத்து இரண்டு மடங்கு, நான்கு மடங்கு, எட்டு மடங்கு என்று நீர்த்துப் பாருங்கள். நிஜ ஹார்மோன் என்றால் எண் ஒழுங்காகப் பாதி பாதியாக இறங்கும், குறுக்கே நிற்கும் ஆன்டிபாடி என்றால் தாறுமாறாகப் போகும். அமெரிக்காவில் 1990களில் இப்படிப்பட்ட பொய் எண்ணை நம்பிச் சில பெண்களுக்குப் புற்றுநோய் மருந்து ஏற்றினார்கள், சிலருக்குக் கருப்பையையே எடுத்தார்கள். சிறுநீரைப் பார்த்திருந்தாலே பலருக்குத் தெளிந்திருக்கும்.

மாதவிடாய் நிற்கும் வயதில் உள்ளவருக்குச் சின்ன அளவில் எச்.சி.ஜி. தெரிந்தால் அது பிட்யூட்டரியே சுரந்ததாக இருக்கலாம். கூடவே எஃப்.எஸ்.எச். உயர்ந்திருக்கும்.

எதிர்ப்பக்கமும் உண்டு. வாந்தி தாங்கவில்லை, வயிறு நாளுக்கு மிஞ்சி வளர்ந்திருக்கிறது, பட்டை மட்டும் நெகட்டிவ் என்றால் முத்துப்பிள்ளைக் கர்ப்பமாக (கரு வளராமல் நஞ்சுத் திசு மட்டும் பெருகுவது) இருக்கலாம். எச்.சி.ஜி. லட்சக்கணக்கில் இருக்கும்போது பட்டை திணறிவிடும். சிறுநீரை நீர்த்து மறுபடி பாருங்கள், ஸ்கேனையும் தள்ளிப் போடாதீர்கள்.

எல்லா எண்ணும் ஒரே நாளில் கோணல்

எல்.எச்., எஃப்.எஸ்.எச்., டி.எஸ்.எச். எல்லாம் தாழ்ந்திருக்கிறது. எஸ்ட்ரடையால் (பெண் ஹார்மோன்), டெஸ்டோஸ்டிரோன் (ஆண் ஹார்மோன்), தைராக்சின் (தைராய்டு ஹார்மோன்) எல்லாம் உயர்ந்திருக்கிறது. ஒரே ஆளுக்குச் சுரப்பிகள் அத்தனையும் ஒரே வாரத்தில் கெட்டுப்போகாது. முடி உதிர்வுக்கு என்ன சாப்பிடுகிறார் என்று கேளுங்கள்.

இந்தக் கடலோரத்தில் போர் தண்ணீர் உப்பு. முடி கொட்டுவதற்குத் தண்ணீர்தான் காரணம் என்று நம்பி முடி மாத்திரை வாங்கிச் சாப்பிடுகிறவர்கள் நிறைய. அதில் இருப்பது பயோட்டின். ஒரு நாளைக்கு உடம்புக்குத் தேவை 30 மைக்ரோகிராம் அளவுதான், மாத்திரையில் 5, 10 மில்லிகிராம் இருக்கும். பல மெஷின்களில் ஆன்டிபாடியைப் பிடித்து நிறுத்துவது பயோட்டின், ஸ்ட்ரெப்டாவிடின் என்ற ஜோடி. ரத்தத்திலேயே பயோட்டின் நிரம்பியிருந்தால் ஸ்ட்ரெப்டாவிடினின் இடமெல்லாம் அதற்கே போய்விடும். சாண்ட்விச் முறையில் அளக்கும் பெரிய ஹார்மோன்கள் குறைவாகவும், போட்டி முறையில் (கிட்டில் உள்ள குறியிட்டதோடு ரத்தத்தில் உள்ளது இடத்துக்குப் போட்டியிடும், குறி குறைந்தால் எண் கூடும்) அளக்கும் ஸ்டீராய்டுகள், தைராக்சின் போன்ற சிறியவை அதிகமாகவும் தெரியும். மேலே சொன்ன கோணல் அப்படியே வரும். 2017ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. இதைப் பற்றி எச்சரிக்கையே விட்டது.

இரண்டு மூன்று நாள் அந்த மாத்திரையை நிறுத்திவிட்டு மறுபடி எடுங்கள். நரம்பு நோய்க்காக நூற்றுக்கணக்கான மில்லிகிராம் சாப்பிடுகிறவர்களுக்கு இன்னும் அதிக நாள் தேவைப்படும். அவசரமென்றால் இந்த ஜோடியைப் பயன்படுத்தாத மெஷின் உள்ள லேபுக்கு அனுப்பலாம். ஒரு யோசனை: "மாத்திரை ஏதும் சாப்பிடுறீங்களா?" என்று கேட்டால் இல்லை என்பார்கள். முடி மாத்திரை அவர்கள் கணக்கில் மாத்திரை இல்லை, சத்து. "முடிக்கு, தோலுக்கு, நகத்துக்கு ஏதாவது?" என்று பிரித்துக் கேளுங்கள்.

கடலுக்குப் போகிறவர், டெஸ்டோஸ்டிரோன் குறைவு

காலை எட்டு மணி, வெறும் வயிறு, எல்லாம் விதிப்படி. எண் மட்டும் தாழ்வு. இங்கே ஒரே கேள்வி போதும்.

"அண்ணே, ராத்திரி எங்க இருந்தீங்க?"

"கடல்லதான் தம்பி. இப்பத்தான் கரை ஏறுனோம்."

டெஸ்டோஸ்டிரோன் ஏறுவது பெரும்பாலும் தூக்கத்தோடு சேர்ந்து நடக்கிறது. இரவில் தூங்குகிறவருக்குத் தூக்கத்தில் ஏறி, விழிக்கும் நேரத்தில் உச்சத்தில் நிற்கும். பகலில் தூங்கினால் பகல் தூக்கத்திலும் ஏறுகிறது என்று சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். விடியவிடிய வலை இழுத்தவருக்குக் காலை எட்டு மணி என்பது காலையே இல்லை. அவருடைய உடம்புக்கு அது நீண்ட பகலின் கடைசி. விதியில் எழுதியிருக்கும் மணி, ராத்திரி தூங்குகிறவர்களுக்காக எழுதியது.

அதனால் தொழிலுக்குப் போகாத நாட்களில், குறைந்தது இரண்டு மூன்று இரவு ஒழுங்காகத் தூங்கிய பிறகு, வெறும் வயிற்றில் எடுக்கச் சொல்லுங்கள். சர்க்கரை போட்ட டீயும் பரோட்டாவும் எண்ணை இறக்கும், ஆகவே டீகூட வேண்டாம். விசைப்படகுக்காரர்களுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான தடைக்காலம் இதற்குத் தோதானது. 61 நாளும் கரையில்தான் இருப்பார்கள், தூக்கம் சீராகிவிடும், இரண்டாவது மாதிரிக்கும் வரச் சொல்லலாம். நாட்டுப்படகுக்காரர்களுக்குத் தடை கிடையாது, காற்று அடித்துப் படகு இறங்காத நாட்களைப் பிடிக்க வேண்டியதுதான். நோன்பு மாதத்தில் சஹருக்கு எழுந்து தூக்கம் உடையும்; அவசரமில்லையென்றால் பெருநாள் கழித்து வைத்துக்கொள்ளலாம். காய்ச்சலில் எடுத்தது எதையும் நம்பாதீர்கள்.

ஒரே ஒரு தாழ்ந்த எண்ணை வைத்து யாருக்கும் டெஸ்டோஸ்டிரோன் ஊசி தொடங்கக் கூடாது. வெவ்வேறு காலைகளில் எடுத்த இரண்டு மாதிரி வேண்டும், கூடவே எல்.எச். வேண்டும். குழந்தைக்காக வந்தவருக்கு இந்த ஊசி போட்டால் விந்தணு உற்பத்தியே அடங்கிவிடும். வந்த காரியத்துக்கு நேர் எதிர்.

எல்.எச். ஏறுமுகம், டெஸ்டோஸ்டிரோன் இறங்குமுகம்

விரை வேலை செய்யவில்லை, பிட்யூட்டரி அதட்டிக்கொண்டே இருக்கிறது என்பதுதான் இதற்கு வழக்கமான பொருள். சின்ன வயதில் பொன்னுக்குவீங்கி வந்து விரை வீங்கியதா, விரை சிறிதாக இருக்கிறதா, குரோமோசோம் பார்த்தாயிற்றா என்று அந்த வழியிலேயே போங்கள்.

அபூர்வமாக, விரை நன்றாக இருந்து எல்.எச். மட்டும் போலியாக இருக்கலாம். 1992ல் ஒரு இளைஞரைப் பற்றி எழுதினார்கள். பருவ வளர்ச்சி வரவில்லை; மெஷினில் எல்.எச். அதிகம், டெஸ்டோஸ்டிரோன் குறைவு. அந்த எல்.எச்.ஐ பயோஅஸ்ஸேயில் போட்டால் செயலே இல்லை. பீட்டா சங்கிலியின் 54ஆம் இடத்தில் ஒரே ஒரு அமினோ அமிலம் மாறியிருந்ததால், அது ஏற்பியில் ஒட்டவில்லை. ஆன்டிபாடிக்கோ அந்த மாற்றம் தெரியவே இல்லை. எச்.சி.ஜி. ஊசி போட்டதும் டெஸ்டோஸ்டிரோன் ஏறியது. இந்த ஊசி நமக்கும் கைக்கு எட்டும். எச்.சி.ஜி. உட்காருவதும் எல்.எச். ஏற்பியில்தான். அதற்கு விரை பதில் சொன்னால் விரை நலம், எல்.எச்.ஐச் சந்தேகப்படு. பதில் இல்லையென்றால் சிக்கல் விரையில்.

எல்.எச். பூஜ்யம், முட்டை மட்டும் மாதாமாதம் வெடிக்கிறது

ஃபின்லாந்தில் 1990களின் தொடக்கத்தில் ஆரோக்கியமான ஒரு பெண்ணிடம் இதைக் கண்டார்கள். அவருடைய எல்.எச்.சில் இரண்டு அமினோ அமிலங்கள் மாறியிருந்தன. ஒரு கிட்டின் ஆன்டிபாடி அதைப் பிடிக்கவே இல்லை, வேறு கிட் பிடித்தது. சோதனைக்குழாயில் அந்த எல்.எச். வழக்கமானதைவிடச் சுறுசுறுப்பு, ஆனால் ரத்தத்தில் சீக்கிரம் கழிந்துவிடும். மக்களுக்கு மக்கள் இது மாறுபடும்: தென்னிந்தியாவின் கோத்தர்களிடம் பார்த்தபோது காணப்படவில்லை, ஆஸ்திரேலியப் பழங்குடியினரிடம் மிக அதிகம். செய்ய வேண்டியது ஒன்றுதான், வேறு கம்பெனி கிட்டில் ஓட்டுங்கள். முட்டை வெடித்த பிறகு சுரக்கும் புரொஜெஸ்ட்ரோன் மாதவிடாய்க்கு ஒரு வாரம் முன் ஏறியிருந்தால் எல்.எச். தன் வேலையைச் செய்துவிட்டது என்று பொருள்.

மருந்து உடம்பில் வேலை செய்கிறது, எண்ணில் தெரியவில்லை

செயற்கைப் புரொஜெஸ்ட்ரோனான டைட்ரோஜெஸ்டிரோன் மாத்திரை சாப்பிடுகிறவருக்குப் புரொஜெஸ்ட்ரோன் அளந்துவிட்டு, "ஏறவே இல்லை" என்று மாத்திரையை இரட்டிப்பாக்க வேண்டாம். கிட் அந்த மூலக்கூறைப் புரொஜெஸ்ட்ரோனாக அடையாளம் காணாது, கருப்பை காணும். கருத்தடை மாத்திரையில் உள்ள எத்தினைல் எஸ்ட்ரடையாலும் அப்படித்தான், எஸ்ட்ரடையால் ரிப்போர்ட்டில் தாழ்வாகவே வரும். ஜிம்முக்குப் போகும் இளைஞரின் தோள் திரண்டிருக்கிறது, டெஸ்டோஸ்டிரோன் தாழ்வு, எல்.எச்.சும் எஃப்.எஸ்.எச்.சும் தரையோடு தரை என்றால், தசை வளர்க்கப் போடும் நாண்ட்ரலோன் போன்ற ஊசியாக இருக்கலாம். கூட வந்தவர்களை வெளியே அனுப்பிவிட்டுக் கேளுங்கள், அப்பா முன்னால் ஒருவரும் சொல்ல மாட்டார்கள்.

இதற்கு நேர்மாறு ஃபுல்வெஸ்ட்ரன்ட். மார்பகப் புற்றுநோய்க்குக் கொடுக்கும் இந்த மருந்தைச் சில கிட்டுகள் எஸ்ட்ரடையால் என்றே எண்ணிவிடும். மூலக்கூறை எடையை வைத்து அடையாளம் காணும் மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரியில் பார்த்தால் உண்மை தெரியும்.

மருந்தே இல்லாமல் புரொஜெஸ்ட்ரோன் குறைந்திருந்தால் தேதியைப் பாருங்கள். 21ஆம் நாள் என்பது 28 நாள் சுழற்சிக்காரர்களுக்கு. 35 நாளுக்கு ஒருமுறை வருகிறவருக்கு 28ஆம் நாள்.

டெஸ்டோஸ்டிரோன் நார்மல், முகத்தில் ரோமம்

பெண்களின் டெஸ்டோஸ்டிரோன் அவ்வளவு குறைந்த அளவில் இருக்கும், சாதாரண கிட் அங்கே தடுமாறும். அது போக, ரத்தத்தில் உள்ளதில் பெரும்பகுதி எஸ்.எச்.பி.ஜி. என்ற புரதத்திலும் அல்புமினிலும் ஒட்டியிருக்கிறது. எஸ்.எச்.பி.ஜி.யில் இறுக்கமாகப் பிடிபட்டது எளிதில் செல்லுக்குள் போகாது. உடல் பருமனும் இன்சுலின் ஏற்றமும் எஸ்.எச்.பி.ஜி.யைக் குறைக்கும், மொத்த எண் மாறாமலே சுதந்திரமான பங்கு கூடிவிடும். எஸ்.எச்.பி.ஜி.யையும் அளந்து கணக்குப் போடுங்கள். "ஃப்ரீ டெஸ்டோஸ்டிரோன்" என்று நேரடியாக அளந்து தரும் மலிவான கிட்டுகளுக்குப் பணம் கொடுப்பது வீண் என்பது என் கருத்து.

இரண்டு லேபில் இரண்டு எண்

கிட் வேறாக இருந்தால் எண்ணும் வேறாகத்தான் இருக்கும். தொடர்ந்து பார்ப்பதை ஒரே லேபில் பாருங்கள். எல்.எச். ஒன்று முதல் ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை துடித்துத் துடித்துச் சுரக்கிறது, ஒரே லேபில் அரை மணி தள்ளி எடுத்தாலும் மாறும்.

நம் வெயிலுக்கு உரிய பிழை ஒன்று தனியாக இருக்கிறது. 11 முதல் 13 வாரத்தில் எடுக்கும் டபுள் மார்க்கர் பரிசோதனையில் ஃப்ரீ பீட்டா எச்.சி.ஜி. பார்க்கிறார்கள். முழு எச்.சி.ஜி.யோடு ஒப்பிட்டால் அது சொற்ப அளவு. சூட்டில் ரத்தம் கிடந்தால் முழு எச்.சி.ஜி. கொஞ்சம் பிரிந்தாலே போதும், ஃப்ரீ பீட்டா பல மடங்கு கூடியதாகத் தெரியும், டவுன் சிண்ட்ரோம் அபாயம் அதிகம் என்று ரிப்போர்ட் வந்து வீட்டையே கலக்கிவிடும். மே மாதம் டூவீலர் பெட்டியில் ட்யூபைப் போட்டுக்கொண்டு உச்சிப்புளியிலிருந்து போகாதீர்கள். எடுத்த இடத்திலேயே சுழற்றி, சீரத்தைத் தனி ட்யூபுக்கு மாற்றி, குளிரில் அனுப்புங்கள். சுழற்றாத ரத்தத்தை ஐஸின் மேல் நேராக வைத்தால் செல் உடைந்து சிவக்கும், அதுவும் கூடாது.

பயோஅஸ்ஸேக்கே அனுப்பினோம், வளைவு இணையாக வரவில்லை

மேலே சொன்ன எல்லாவற்றையும் தாண்டியும் புதிர் அவிழாமல், ஏதாவது ஆராய்ச்சிக்கூடம் மாதிரியை வாங்கிக்கொள்ள ஒத்துக்கொண்டால்தான் இந்தக் கட்டம். எல்.எச்.க்கு எலி லேடிக் செல் (விரையில் டெஸ்டோஸ்டிரோன் சுரப்பது), எஃப்.எஸ்.எச்.க்கு எலி கிரானுலோசா செல் (சினைப்பையில் முட்டையைச் சூழ்ந்திருப்பது), அல்லது மனித ஏற்பியைப் பொருத்திய செல் என்று எதிலாவது சீரத்தை விட்டு, அது சுரக்கும் ஸ்டீராய்டையோ, செல்லுக்குள் சைகை கொண்டுபோகும் சைக்ளிக் ஏ.எம்.பி.யையோ அளப்பார்கள். சீரத்தைப் பல அளவுகளில் விட்டு வரையும் வளைவும், அளவு தெரிந்த தரநிலைப் பொருளின் வளைவும் இணையாக ஓடினால்தான் ஒப்பிட முடியும்.

இணையாக இல்லையென்றால் முதல் சந்தேகம் சீரத்தின் மேல். அதில் செல்லை அமுக்கும் பொருட்கள் ஏராளம். தரநிலை வளைவிலும் ஹார்மோன் இல்லாத சீரத்தை அதே அளவு சேர்த்தார்களா, சீரத்தை முன்கூட்டிப் பாலிஎதிலீன் கிளைக்காலால் சுத்தம் செய்தார்களா என்று கேளுங்கள். ஆணின் சீரத்தை லேடிக் செல்லில் விட்டால், அவருடைய சொந்த டெஸ்டோஸ்டிரோனும் விடையில் சேர்ந்துவிடும். செல் போடாத தட்டுக்குழியில் அதே சீரத்தை அளந்து கழிக்க வேண்டும். கிரானுலோசா செல்லில் இன்சுலினும் எண்ணை ஏற்றும். நம் பக்கத்துத் தவறு என்றால் பெரும்பாலும் ட்யூப்தான்: ரத்தம் உறையாமல் தடுக்கும் ஈ.டி.டி.ஏ. ட்யூபில் எடுத்த பிளாஸ்மா கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு செல்லைக் கெடுக்கும். சாதாரண ட்யூப் சீரமே அனுப்புங்கள், சின்னச் சின்னப் பங்காக உறைய வைத்து. உருகி உறைந்தது ஒரு முறைக்கு மேல் போகக் கூடாது.

விடை "செயல் நார்மல்" என்று வந்து, ஆளுக்கு மட்டும் ஒன்றும் நடக்கவில்லையென்றால் இரண்டு வாய்ப்பு. முதலாவது, ஹார்மோனின் மேல் உள்ள சர்க்கரைச் சங்கிலி. எச்.சி.ஜி.யிலிருந்து சியாலிக் அமிலத்தை நீக்கிவிட்டால் செல்லில் நன்றாகவே ஒட்டும், உயிருள்ள பிராணியிலோ கல்லீரல் அதை நிமிஷத்தில் வாரி எடுத்துவிடும். தட்டில் உள்ள செல்லுக்குக் கல்லீரல் கிடையாது, அதனால் அந்தக் குறையை அது காட்டாது. இரண்டாவது, ஏற்பியின் மரபணு. 1995ல் ஃபின்லாந்துக் குடும்பங்களில் எஃப்.எஸ்.எச். ஏற்பி கெட்டிருந்த பெண்களைக் கண்டார்கள், எஃப்.எஸ்.எச். நிறைய, சினைப்பை மட்டும் கேட்கவில்லை. அதற்கு மரபணுப் பரிசோதனைதான் வழி, அதற்கு வேண்டியது ஈ.டி.டி.ஏ. ரத்தம். பயோஅஸ்ஸேக்குச் சீரம் எடுக்கும் அன்றே இதையும் ஒரு ட்யூப் சேர்த்து எடுத்து, மேலே பெயர் எழுதி ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள். தொண்டியிலிருந்து அந்தப் பெண்ணை இன்னொரு தடவை அலைய விட வேண்டியிருக்காது.